5 கோடி ரூபாயில் கபடி டீம்: ஸ்டாருக்குக் கொடுத்தது போக மீதி 17 பேருக்கு என்ன மிஞ்சும்?

குற்றாலம் சீசனுக்கு பத்து நண்பர்கள் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த பட்ஜெட் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது, கடன் வாங்கவும் கூடாது. ஐந்தருவி பக்கம் ஒரு சூப்பர் ரூம் கிடைக்கிறது, வாடகை 10,000. தாராளமாக எடுக்கலாம். ஆனால் வண்டி வாடகை, பிரானூர் பார்டர் பரோட்டா, ஆயில் மசாஜ் எல்லாம் மீதி 10,000-க்குள் முடிய வேண்டும். ரூம் நல்ல ரூம்தான். அதை எடுத்த பிறகு பத்து பேரும் வயிறார சாப்பிட முடியுமா?

புரோ கபடி லீக் ஏலத்தில் 12 அணிகளும் போடுவது இதே கணக்குதான். இதன் பெயர் சேலரி கேப், அதாவது சம்பள உச்சவரம்பு.

சேலரி கேப் எதற்கு?

ஒரு அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சீசனில் செலவழிக்கக்கூடிய உச்சபட்சத் தொகை இது. புரோ கபடியில் 2022-ல் நடந்த 9-வது சீசனுக்கு 4.4 கோடி ரூபாய். 10-வது சீசனுக்கு 5 கோடி. அந்தப் பணத்துக்குள் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர் கொண்ட அணியைக் கட்ட வேண்டும்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் கோயில் கொடை சமயத்தில் நடக்கும் ராத்திரி கபடி மேட்ச் பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் சட்டென்று புரியும். எந்த ஊருக்கு வசதியான ஸ்பான்சர் அமைகிறாரோ, அந்த ஊர் ஜெர்சியில் வெளியூர் ரெய்டர் வந்து இறங்குவார். கப்பும் அங்கேயே போகும். இது வருஷா வருஷம் நடந்தால் மற்ற ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கக்கூட வரமாட்டார்கள். அதைத் தடுக்கத்தான் லீக் எல்லோர் கையிலும் ஒரே அளவு பணத்தைக் கொடுக்கிறது. பணம் சமமாகிவிட்டால், ஜெயிப்பதற்கு மூளைதான் மிச்சம்.

தமிழ் தலைவாஸ் கற்ற பாடம்

2017-ல் லீக்குக்குள் வந்த தமிழ் தலைவாஸ், முதல் நான்கு சீசன்களில் ஒரு தடவைகூட பிளே-ஆஃப் போகவில்லை. பெரிய பெயர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 7-வது சீசனில் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லர் மூவரும் ஒரே அணியில். ராகுலுக்கு மட்டும் 94 லட்சம். முடிவு? 12 அணிகளில் 12-வது இடம்.

2022 ஏலத்தில் அணி இன்னும் பெரிய பந்தயம் கட்டியது. ரெய்டர் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. லீக் வரலாற்றில் அதுவரை யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. 4.4 கோடியில் 2.26 கோடி என்றால் 51 சதவீதம். மீதி 2.14 கோடியை 17 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சராசரியாக 12.6 லட்சம்தான்.

குஜராத் ஜெயன்ட்ஸுடன் முதல் மேட்ச். முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்காலில் அடி. அதோடு அந்த சீசனே அவருக்கு முடிந்தது. ஏலமும் முடிந்துவிட்டதால், அவர் தரத்தில் இன்னொருவரை வாங்கவும் வழியில்லை.

எல்லோரும் கை கழுவிய அந்த அணிதான் முதல்முறையாக அரையிறுதி வரை போனது! புதுமுகமாக வந்த நரேந்தர் 200-க்கு மேல் ரெய்டு பாயிண்ட் எடுத்தார். சாகர், சாஹில் குலியா என்ற இளம் டிஃபென்டர்கள் கோட்டையைக் காத்தார்கள். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் வெறும் 2 பாயிண்டில் தோல்வி. அணியைத் தூக்கி நிறுத்தியது, பட்ஜெட்டில் கடைசி வரிசையில் இருந்த பையன்கள்.

ஒரே ஏலம், இரண்டு ரிசல்ட்

அடுத்த சீசனில் தலைவாஸ் பவனை விடுவித்தது. 2023 அக்டோபர் ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. 5 கோடியில் 52 சதவீதம். அதே ஏலத்தில் புனேரி பல்தான், ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூயியை 2.35 கோடிக்கு எடுத்தது. 47 சதவீதம்.

இரண்டு அணிகளும் கிட்டத்தட்ட பாதிப் பணத்தை ஒரே ஆள் மேல் போட்டன. டைட்டன்ஸ் 22 மேட்சில் 2 மட்டுமே ஜெயித்துக் கடைசி இடம். புனே சாம்பியன்.

பவன் மோசமாக ஆடினாரா? இல்லை. காயத்திலிருந்து மீண்டு வந்து 200-க்கு மேல் ரெய்டு பாயிண்ட் எடுத்தார். காரணம் கபடியின் அடிப்படை விதியிலேயே இருக்கிறது. ரெய்டர் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். கூட ஆடும் ஒருவர் பாயிண்ட் எடுத்தால்தான் அவர் திரும்ப உள்ளே வர முடியும். கிரிக்கெட்டில் கோலி அவுட்டானாலும் ஃபீல்டிங்குக்கு வருவார். கபடியில் 2.6 கோடி ரூபாய் வீரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அவரை உள்ளே கூப்பிடும் பொறுப்பு 12 லட்ச ரூபாய் வீரரிடம் இருக்கும்.

புனேயிடம் அந்த ஆட்கள் இருந்தார்கள். அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்றவர்கள் 8-வது சீசனிலேயே புதுமுகங்களாக வந்து, அணியோடு சேர்ந்தே வளர்ந்தவர்கள். டிஃபென்ஸில் நம்ம ஊர் அபினேஷ் நடராஜனும் உண்டு. இவர்களை ஏலத்தில் விலை ஏற்றி வாங்க வேண்டிய அவசியமே புனேக்கு இல்லை. அதனால்தான் ஷாட்லூயிக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்தும் மீதி அணி ஒல்லியாகவில்லை.

தென்காசிக்காரர்களுக்கு இது புது விஷயமும் அல்ல. மத்தளம்பாறையில் ஜோஹோ செய்வதும் ஏறக்குறைய இதுதான்: பெரிய கம்பெனிகளில் இருந்து அதிக சம்பளத்துக்கு ஆள் இழுப்பதைவிட, பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுப்பது. ஆளை வாங்குவதற்கும் வளர்ப்பதற்கும் செலவு வேறு.

என்பிஏ-வில் எப்படி?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-விலும் சேலரி கேப் உண்டு. 2025-26 சீசனுக்கு ஒரு அணிக்குச் சுமார் 15.46 கோடி டாலர். ஆனால் அங்கே உச்சவரம்பு கொஞ்சம் நெகிழ்வானது. சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். ரொம்பத் தாண்டினால் லீக்குக்கு அபராத வரி கட்ட வேண்டும். புரோ கபடியில் அந்தச் சலுகை கிடையாது. ஃபைனல் பிட் மேட்ச் என்ற வசதி மூலம் பழைய வீரரை ஏலத்தின் கடைசி விலைக்கே திரும்ப எடுக்கலாம். ஆனால் அந்தப் பணமும் அதே பர்ஸில் இருந்துதான் போக வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் முக்கியமானது. என்பிஏ-வில் தனி வீரருக்கும் உச்சவரம்பு உண்டு. எத்தனை வருட அனுபவம் என்பதைப் பொறுத்து, புது ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் அணியின் கேப்பில் 25, 30 அல்லது 35 சதவீதம் வரைதான். ஐபிஎல்லில் அப்படி விதி இல்லாமலேயே, 2025 சீசனுக்கு 27 கோடிக்குப் போன ரிஷப் பந்த் எடுத்தது 120 கோடி பர்ஸில் 22.5 சதவீதம்தான். கபடியில் அது 52 வரை போய்விட்டது.

35 சதவீத விதி 2023 கபடி ஏலத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 5 கோடியில் 35 சதவீதம் 1.75 கோடி. பவனின் விலையில் 85.5 லட்சம் மிஞ்சியிருக்கும். அதை மீதி 17 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 லட்சம். அந்த ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரரின் அடிப்படை விலையே 9 லட்சம்தான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

நம்ம ஊர்ப் பையனுக்கு இதில் என்ன?

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். ஸ்டாருக்குப் பாதிப் பணம் போவதால், எல்லா அணிக்கும் குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடும் இளைஞர்கள் கட்டாயம் தேவை. லீக்கில் 'நியூ யங் பிளேயர்' என்றே தனிப் பிரிவு இருக்கிறது. தென்காசியிலோ ஆலங்குளத்திலோ மண் களத்தில் ஆடும் ஒரு பையனுக்குத் திறக்கும் முதல் கதவு இதுதான்.

ஆனால் அதே கதவு அவனை மலிவாகவும் வைத்திருக்கும். நன்றாக ஆடினால் அணி அவனை ஏலத்துக்கு விடாமல் தக்கவைக்கும். நரேந்தருக்கும் அதுதான் நடந்தது: அடுத்த சீசனில் தலைவாஸ் அவரைத் தக்கவைத்தது. ஏலத்தில் விட்டிருந்தால் என்ன விலை போயிருப்பார் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. ஐடி கம்பெனியில் முதல் வேலையிலேயே வருஷக்கணக்கில் இருந்து, வெளி மார்க்கெட் ரேட் தெரியாமல் இருப்பவர்களுக்கு இந்த வலி புரியும்.

அடுத்த ஏலம் வரும்போது டிவி ஸ்க்ரோலில் எந்த ஸ்டார் எத்தனை கோடி என்பதுதான் ஓடும். உங்கள் அணி தேறுமா என்று தெரிய வேண்டுமானால் அணிப் பட்டியலின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஸ்டார் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும்போது அவரை உள்ளே கொண்டுவரப் போகிறவர்கள் அந்தப் பெயர்கள்தான்.