பேச்சு வரும் வழி

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டித்தான் முதல் சொல்லைச் சொல்கின்றன. பேச்சுக்கான வேலையோ அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. வயிற்றில் ஆறு மாதம் ஆகும்போதே சிசுவுக்குக் காது கேட்க ஆரம்பிக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்துகொள்கிறது. சுற்றிலும் கேட்கும் ஒலிகளில் எவை தன் வீட்டு மொழிக்கு வேண்டும், எவை வேண்டாம் என்று தரம் பிரிப்பதிலேயே முதல் ஆண்டின் பெரும்பகுதி கழிகிறது.

இதைக் காட்டிய ஓர் ஆய்வு தமிழ்க் காதுக்கு எளிதில் புரியும். ‘த’வும் ‘ட’வும் நமக்கு வெவ்வேறு, ஆங்கிலம் மட்டுமே அறிந்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியிலுள்ள இதே இரண்டு ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். 1984இல் வெளியான முடிவு இது: ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன, பத்து, பன்னிரண்டு மாதம் ஆனவற்றில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. வீட்டில் கேட்காத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது.

அப்படியானால் நாள் முழுவதும் ஏதாவது ஒரு பேச்சு காதில் விழுந்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை நேரில் அமர்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே பேச்சைக் காணொளியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. சோறு ஊட்டுவதற்காக செல்போனில் பாட்டுப் போட்டுவிடும் வீடுகள் கவனிக்க வேண்டிய செய்தி இது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது.

திரையில் இல்லாதது பதில். குழந்தை ‘ங்கா’ என்கிறது. தாய் குனிந்து, ‘என்னடா தங்கம், பசிக்குதா?’ என்கிறாள், குழந்தை காலை உதைத்து மறுபடி ‘ங்கா’ என்கிறது. சொல்லே இல்லாத இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சின் அடிப்படை விதி பழகுகிறது: ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டும், பிறகு முறை மாறும். பல பெரியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாங்களே சொல்லி, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணும் நேரம் சும்மா இருந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தால், ஒரு சத்தமோ, சிரிப்போ, கையசைப்போ வரும். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பேசலாம்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எண்ணெய் தேய்க்கும்போதும், துணி மடிக்கும்போதும், கீரை ஆயும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தால் போதும். பாட்டிமார் நீட்டி இழுத்துக் கொஞ்சிப் பேசும் பேச்சைச் சிலர் கேலி செய்வதுண்டு. ஏற்ற இறக்கமான அந்தக் குரலைத்தான் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மடியில் வைத்துச் சாய்ந்தாட வைப்பது, கைதட்ட வைப்பது, நிலாவைக் காட்டுவது எல்லாம் இந்த வகைதான். பிள்ளைத்தமிழ் நூல்கள் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணிப் பருவத்தை, அதாவது கைகொட்டும் பருவத்தை வைத்தன; குழந்தைகள் கைதட்டத் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான். கவனித்துப் பார்த்தவர்கள் வகுத்த கணக்கு.

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரல் நீட்டத் தொடங்குகிறது. நீட்டிய திசையில் பார்த்து அந்தப் பொருளின் பெயரைச் சொல்வது, அட்டையில் படம் போட்டுப் பெயர் கற்பிப்பதைவிடப் பலன் தரும். பிறகு சொற்கள் வரும்போது பிழையாகவே வரும். வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். ழகரமும் றகரமும் திருந்தப் பல ஆண்டுகள் எடுக்கும். ‘சரியாச் சொல்லு’ என்று அதட்டினால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். ‘ஆமா, வாழைப்பழம். மஞ்சள் வாழைப்பழம். உரிச்சுத் தரட்டுமா?’ என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொல்வதே திருத்தம். கூடவே ஒரு சொல்லும் சேர்கிறது.

பள்ளியில் ஆங்கிலம் என்பதால் வீட்டிலும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசும் பெற்றோர் பெருகியிருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆனால் தட்டுத் தடுமாறிப் பேசும் மொழியில் ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்பதற்கு மேல் போக முடிவதில்லை. கதை, கேலி, கோபம், கொஞ்சல் எல்லாம் தாராளமாக வரும் மொழியில் பேசுவதே குழந்தைக்கு லாபம்.

ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில்தான் பேசும் என்பது உண்மை. அதற்கும் எல்லை உண்டு. ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒரு வயதில் மழலை ஒலியோ விரல் நீட்டலோ இல்லாதது, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் ‘அப்பா வா’ என்பதுபோல இரண்டு சொல்லைச் சேர்க்காதது, எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோவது ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்ற ஆறுதலில் பல வீடுகளில் ஓராண்டு போய்விடுகிறது. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவதோ ஆபத்தானது, அதனால் குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை நச்சு நோய் வரக்கூடும்.

முதலில் பார்க்க வேண்டியது காது. குழந்தை தூங்கும்போதே செய்யக்கூடிய, வலியில்லாத செவிப் பரிசோதனை இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் செவித்திறன், பேச்சு, வளர்ச்சிக் குறைபாடுகளைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். கேளாமை உறுதியானால், வயதையும் குறைபாட்டின் அளவையும் பொறுத்துக் காதுக் கருவியோ காக்ளியர் அறுவை சிகிச்சையோ பரிந்துரைப்பார்கள். அதன்பின் பேச்சுப் பயிற்சி தொடங்கும். அந்தப் பயிற்சியிலும் பெற்றோருக்குச் சொல்லித் தருவது பெரும்பாலும் இதுதான்: குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்து, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது.