கரிக்கும் ஒரு முகவரி உண்டு

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தபோது மாமா வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது. நீர் வடிந்ததும் சேறு கழுவப் போனோம். அப்போது நான் ஐந்தாம் படிவ மாணவன். "எல்லாம் மனிதன் கக்கிய புகையால் வந்த வினை" என்று பெரிய மனிதன்போல் சொன்னேன். துடைப்பத்தோடு நின்ற தாத்தா சிரித்தார். "1971லேயே கோலாலம்பூர் முழுகிப் போச்சு ஐயா. அப்போ எத்தனை கார் ஓடுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

தாத்தா சொன்னதில் பாதி உண்மை. பூமியின் தட்பவெப்பம் மனிதன் தோன்றும் முன்பே பலமுறை மாறியிருக்கிறது. ஒரே ஒரு வெள்ளத்தைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. ஆனால், இப்போதைய வெப்ப உயர்வுக்கு வேறு வலுவான சாட்சிகள் உண்டு.

கரிவளி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை 1859ஆம் ஆண்டிலேயே ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் கண்டார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் கரிவளி ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இன்றோ 420ஐத் தாண்டிவிட்டது.

கூடியது மனிதன் எரித்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? இங்கேதான் கரியின் முகவரி உதவுகிறது. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 எனும் கதிரியக்கக் கரி சிறிதளவு இருக்கும். மரம் மடிந்தபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சியிராது. அத்தகைய பழைய கரி காற்றில் கலந்து வருவதை 1955இல் ஹான்ஸ் சூஸ் மரங்களின் வளையங்களைக் கொண்டு காட்டினார்.

எரிமலைக் கரியும் பழையதுதானே என்று கேட்கலாம். எரிமலைகள் வெளியிடும் கரிவளி, மனிதன் வெளியிடுவதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. மேலும், எதை எரித்தாலும் உயிர்வளி செலவாகும். காற்றில் உயிர்வளி மெல்லக் குறைந்து வருவதும் அளக்கப்பட்டுள்ளது. அப்படியானால் சூரியன்? சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். நடப்பதோ கீழே சூடு, மேலே குளிர்ச்சி. வெப்பம் கீழேயே பிடித்து வைக்கப்படுவதன் அடையாளம் இது.

வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். 1971இல் பெய்தது போன்ற மழை மீண்டும் வந்தால், இன்னும் அதிகமாகக் கொட்ட வாய்ப்புண்டு.

இனி, நம் நாடு என்ன செய்கிறது? 2030க்குள் வெளியேற்றச் செறிவை 2005ஆம் ஆண்டைவிட 45 விழுக்காடு குறைப்பதாக மலேசியா 2021இல் உறுதியளித்தது. 'செறிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆயிரம் ரிங்கிட் மதிப்புள்ள உற்பத்திக்கு 100 கிலோ கரிவளி வெளியான இடத்தில் இனி 55 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி இருமடங்கானால் மொத்தம் 110 கிலோ! வாக்கும் காப்பாற்றப்படும், புகையும் கூடும். வளரும் நாட்டுக்கு இத்தகைய அளவுகோல் தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வானத்துக்கு விழுக்காடு தெரியாது. மொத்தக் கணக்குதான் தெரியும்.

சென்ற தீபாவளிக்கு இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் அவர். "எங்க ஆலைக் கழிவுத்தண்ணிக் குட்டையில எந்நேரமும் குமிழி பொங்கும். அதுக்கும் கணக்கு உண்டா?" என்றார்.

உண்டு. அந்தக் குமிழியில் இருப்பது மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் அது கரிவளியைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். குட்டையை மூடி அதைப் பிடித்தால் மின்சாரம் தயாரிக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இது கட்டாயம்.

நண்பர்களே, நம்மில் பலரின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. நாளை நம்மில் சிலர் அதே ஆலைகளில் பொறியியலாளர்களாகவும் கணக்காய்வாளர்களாகவும் அமரக்கூடும். அப்போது யாராவது விழுக்காட்டைக் காட்டினால், "மொத்தம் எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.