சிறு இன்ஜினுக்கு ஏற்ற பிளக்

பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், சிறிய ஜெனரேட்டர், பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்பு ஆகியவற்றின் இன்ஜினில் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர்தான் இருக்கும். அதன் தலையில் ஒரே ஒரு ஸ்பார்க் பிளக். பிளக்கின் நடு முனைக்கும் அதன் எதிரே வளைந்து நிற்கும் முனைக்கும் நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி. பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது எழும் பொறிதான் பெட்ரோலையும் காற்றையும் பற்றவைக்கிறது. நிமிடத்துக்கு 3,600 முறை சுற்றும் ஜெனரேட்டர் இன்ஜினில், சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நொடிக்கு 60 பொறிகள். இவ்வளவு உழைக்கும் உறுப்பைக் கடையில் 'ஏதாவது ஒரு பிளக் கொடுங்க' என்று கேட்டு வாங்குவது இன்ஜினுக்குச் செய்யும் அநியாயம்.

எந்த பிளக் வேண்டும் என்பது இன்ஜினோடு வந்த புத்தகத்திலும் பழைய பிளக்கின் பீங்கான் உடம்பிலும் அச்சாகியிருக்கும். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்குச் சொல்லப்படும் என்ஜிகே பிபிஆர்6ஈஎஸ் பிளக்கையே எடுத்துக்கொள்ளலாம். முதல் 'பி' மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. அடுத்த 'பி', பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருப்பதை. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 6 என்பது வெப்ப எண். 'ஈ' என்பது மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதற்கான அடையாளம்.

மரையின் நீளத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மரம் அறுக்கும் மெஷின்களில் பரவலாகப் பயன்படும் பிபிஎம்ஆர்7ஏ பிளக்கின் மரைக்கும் விட்டம் 14 மில்லிமீட்டர்தான், நீளமோ 9.5 மட்டுமே. விட்டம் ஒன்றாக இருப்பதால் நீள பிளக்கும் அந்த ஓட்டையில் ஏறிவிடும். கயிற்றை இழுத்ததும் மேலே வரும் பிஸ்டன் அதன் முனையில் மோதலாம். மாறாக, நீளம் வேண்டிய இடத்தில் குட்டை பிளக்கைப் போட்டால் இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் மூடப்படாத மரையில் கரி இறுகிப் படியும். பிறகு சரியான பிளக்கை வாங்கி வந்தாலும் அது முழுதாக உள்ளே இறங்காது.

வெப்ப எண்ணை வைத்து 'ஹாட் பிளக்', 'கோல்ட் பிளக்' என்று பிரிக்கிறார்கள். பொறியின் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மூக்கில் ஏறும் சூட்டை பிளக் எவ்வளவு வேகமாக சிலிண்டர் தலைக்குக் கடத்துகிறது என்பதே கணக்கு. மூக்கின் சூடு சுமார் 450 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அதன்மேல் படியும் கரி தானாக எரிந்து போகும். 800-ஐத் தாண்டினால் பொறி வரும் முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் கோல்ட். சாம்பியனிலும் பாஷிலும் எண் கூடினால் ஹாட். ஆகவே கம்பெனி மாறும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. இணையான பிளக் எது என்று காட்டும் பட்டியலைக் கேட்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் இன்ஜின் ஆறட்டும். கேப்பை ஒயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்துக் கழற்ற வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைக்காவிட்டால், பிளக் வெளியே வரும்போது அந்த மண் சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இன்ஜின் நலம். விரலில் ஒட்டும் காய்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பிசுபிசுத்த கருப்பு, டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கூடுதலாகக் கலந்ததைக் காட்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரிங் தேய்ந்திருக்கலாம். வெள்ளை வெளேரென்று கொப்பளித்திருந்தால் இன்ஜின் மிதமிஞ்சிச் சூடாகிறது. இப்படி ஒரு கோளாறு இருக்கும்போது புது பிளக் போட்டுப் பயனில்லை. அதுவும் சில நாட்களில் அதே கோலத்துக்கு வந்துவிடும்.

முனை தேய்ந்து மழுங்கியிருந்தாலோ பீங்கானில் கீறல் இருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். கம்பி பிரஷ்ஷால் பீங்கானைத் தேய்த்தால் உலோகத் துகள் ஒட்டி, மின்சாரம் அதன் வழியே கசியும். ஜிஎக்ஸ்160-க்கு 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிளக்கைச் சோதிக்க வேண்டும். அதற்கான இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். புது பிளக்கிலும் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பெட்டிக்குள் அடிபட்டு முனை நெளிந்திருக்கக் கூடும்.

மாட்டும்போது முதலில் கை விரலால்தான் திருக வேண்டும். அலுமினியத் தலையில் பிளக் கோணலாக ஏறினால் மரை போய்விடும். வாஷர் தொட்டதும் பிளக் ஸ்பேனரால் புது பிளக்கை அரைச் சுற்று இறுக்கினால் போதும். பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் அதற்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். கடைசியில் கேப்பை 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்திவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யலாம்.