எதையும் வெட்டும் வாள், எதற்கும் உடையாத கவசம்: ரசிகர்களின் தீராத வழக்கு

புது தில்லி: எதையும் வெட்டும் வாள் ஒன்று. எந்த வாளாலும் வெட்ட முடியாத கவசம் ஒன்று. இரண்டும் மோதினால் வெல்வது எது?

இரண்டுமே உலகில் இல்லாதவை. ஆனாலும் இந்த வழக்கு முடிவதாக இல்லை. தில்லி ஹாட் வளாகத்தில் 2011-ம் ஆண்டு பிப்ரவரியில் முதன்முறையாக 'காமிக் கான்' என்னும் சித்திரக்கதைத் திருவிழா நடைபெற்றது. பின்னர் அது ஓக்லா கண்காட்சித் திடலுக்கு இடம் மாறியது. மும்பை, பெங்களூர், ஹைதராபாத், சென்னை எனப் பல நகரங்களுக்கும் பரவியது. அட்டைக் கேடயமும் பிளாஸ்டிக் வாளும் ஏந்தி வரும் இளைஞர்கள் கூடும் இத்தகைய இடங்களில் இந்தக் கேள்வி தவறாமல் எழுகிறது. வாதிடுவோர் முன்னுதாரணங்களை அடுக்கும் வேகத்தைப் பார்த்தால், மக்களவையில் ஒழுங்குப் பிரச்னை எழுப்பும் மூத்த உறுப்பினர்களே நினைவுக்கு வருவர். ஒரே வேறுபாடு, இந்த அவையில் தீர்ப்பு வழங்க அவைத் தலைவர் இல்லை.

ஒளிவாளும் உலோக எலும்பும்: அதிகம் விவாதிக்கப்படும் வழக்கு இரண்டு அமெரிக்கக் கற்பனைகளைப் பற்றியது. 1977-ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் அறிமுகமான லைட்சேபர் எனும் ஒளிவாள் ஒரு தரப்பு. மார்வெல் சித்திரக்கதைகளில் வரும் அடமான்டியம் உலோகம் மறுதரப்பு. வோல்வரின் என்ற நாயகனின் எலும்புகள் மீது பூசப்பட்டிருப்பது இந்த உலோகம்தான்.

ஒளிவாளின் தரப்பு வாதம் எளிமையானது. இந்த வாள் கூர்மையால் வெட்டுவதில்லை, வெப்பத்தால் உருக்குகிறது. 1999-ல் வெளியான படத்தில் குவை-கான் என்ற வீரர் கனமான உலோகக் கதவில் வாளைச் செருகி, அது மெல்ல மெல்ல உருகும் வரை காத்திருப்பார். ஆகவே எந்த உலோகமானாலும் உருகுவதற்கு ஒரு வெப்பநிலை இருக்கும். தேவைப்படுவது நேரம் மட்டுமே என்கின்றனர் இவர்கள்.

அடமான்டியம் தரப்பினர் இதை ஏற்பதில்லை. கதையின்படி அந்த உலோகம் வார்க்கப்படும்போது சிறிது நேரம் மட்டுமே இளகிய நிலையில் இருக்கும். ஒருமுறை இறுகிவிட்டால் வெப்பத்தால் அதன் உருவை மாற்ற இயலாது. 'ஸ்டார் வார்ஸ்' உலகிலேயே ஒளிவாளுக்கு மசியாத உலோகம் உண்டு என்பதையும் இவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். 'தி மாண்டலோரியன்' தொடரின் 2020-ம் ஆண்டுப் பகுதியில் பெஸ்கார் என்ற உலோகத்தால் ஆன ஈட்டி, ஒளிவாளைத் தாங்கி நிற்கிறது. சொந்த வீட்டிலேயே எல்லாவற்றையும் வெட்ட முடியாத வாள், அடுத்த வீட்டுக்குச் சென்று எதை வெட்டும் என்பது இவர்களது கேள்வி.

இந்த இடத்தில் மூன்றாவது குரல் ஒன்று எழுவது வழக்கம். உலோகம் உருகாது என்றே வைத்துக்கொண்டாலும், வெப்பம் அதன் வழியே கடந்து செல்லாதா? எலும்பு பிழைத்துக்கொள்ளும், எலும்பைச் சுற்றியுள்ள மனிதனின் கதி என்ன? விளையாட்டாகக் கேட்கப்படும் இக் கேள்வி, உண்மையில் இந்த விவாதம் முழுவதிலும் மிகக் கூர்மையான கேள்வி.

கேடயம் பிளந்த நாள்: உடையாதது என்று பெயரெடுத்த மற்றொரு பொருள் கேப்டன் அமெரிக்காவின் கேடயம். தன்மீது விழும் அடியின் விசையை உறிஞ்சிக்கொள்ளும் வைப்ரேனியம் என்ற உலோகம் அதன் சிறப்பு. ஆனால் 2019 ஏப்ரலில் இந்தியாவில் ஆங்கிலம், ஹிந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளில் வெளியான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில், தானோஸ் என்ற வில்லனின் இருமுனை வாள் அக் கேடயத்தைத் துண்டு துண்டாக வெட்டியது. அந்த வாள் எந்த உலோகத்தால் ஆனது என்று படம் சொல்லவில்லை. அதுவே ரசிகர்களுக்குப் புதிய வழக்காகிவிட்டது.

மார்வெல் நிறுவனத்தை 2009-லும், 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் உரிமை பெற்ற லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை 2012-லும் டிஸ்னி வாங்கிவிட்டது. வாளும் கவசமும் இப்போது ஒரே முதலாளியின் கிடங்கில் இருக்கின்றன. எனினும் இரண்டையும் மோதவிட்டு வழக்கை முடித்துவைக்க அந்நிறுவனம் எந்தப் படமும் எடுத்ததில்லை.

இதற்கு விடை இல்லை என்பதைச் சீனர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டனர். எதையும் துளைக்கும் ஈட்டியையும், எதனாலும் துளைக்க முடியாத கேடயத்தையும் ஒரே கடையில் விற்ற வணிகனின் கதை, ஹான் ஃபெய் என்ற தத்துவ அறிஞரின் நூலில் உள்ளது. அந்த ஈட்டியால் இந்தக் கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்க, வணிகன் வாயடைத்துப் போகிறான். சீன மொழியில் 'முரண்பாடு' என்பதைக் குறிக்கும் சொல்லே 'ஈட்டி-கேடயம்' என்பதுதான்.

இந்திரன் ஏன் யாசித்தான்? இந்திய ரசிகர்கள் இந்த விவாதத்துக்குக் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை. 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதை நூல்களும், 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான மகாபாரதத் தொடரும் பல தலைமுறைகளுக்கு இதே கேள்வியை ஊட்டி வளர்த்துள்ளன. 'பிரம்மாஸ்திரம்' (2022), 'கல்கி 2898 ஏடி' (2024) ஆகிய படங்களுக்குப் பிறகு அது மேலும் சூடுபிடித்தது. வஜ்ராயுதத்தால் கர்ணனின் கவசத்தைப் பிளக்க முடியுமா என்பதே அக் கேள்வி.

முடியாது என்போரின் முதல் சாட்சி இந்திரனே. வஜ்ராயுதம் அவன் கையில்தான் இருந்தது. அதனால் கவசத்தைப் பிளக்க முடியும் என்றால், தேவர்களின் அரசன் ஏன் அந்தணர் வேடமிட்டுக் கர்ணனின் வாசலில் யாசகம் கேட்டு நிற்க வேண்டும்?

வஜ்ராயுதத்தின் மீது வேறு குற்றச்சாட்டுகளும் உண்டு. அமுதம் கவர்ந்து சென்ற கருடன் மீது இந்திரன் அதை ஏவியபோது, கருடனுக்குக் காயம் ஏதும் ஏற்படவில்லை. எந்த முனிவரின் எலும்பால் அந்த ஆயுதம் ஆனதோ, அவருக்கு மரியாதையாக ஓர் இறகை மட்டும் கருடன் உதிர்த்ததாக ஆதி பருவம் கூறுகிறது. சியவன முனிவர் மீது ஏவ முயன்றபோது இந்திரனின் கையே செயலிழந்து நின்றது.

எதிர்த்தரப்பினரும் வெறுங்கையுடன் வருவதில்லை. கவசம் உயிரைக் காக்கும். வெற்றியைத் தராது என்கின்றனர் அவர்கள். கவச குண்டலங்களுடன் இருந்தபோதே கந்தர்வர்களிடம் தோற்றுக் களத்தைவிட்டு விலகியவன் கர்ணன் என்பதை அவர்கள் நினைவூட்டுகின்றனர்.

இறுதியில் அந்தக் கவசத்தை அறுத்தது கர்ணனின் சொந்தக் கைதான். வரப்போவது இந்திரன் என்று சூரியன் முன்கூட்டியே எச்சரித்தும், உடலோடு ஒட்டிப் பிறந்ததைத் தானே அறுத்துக் கொடுத்தான். 'வைகர்த்தனன்' என்ற பெயர் அதனால் வந்தது.

வரத்தில் உள்ள வரம்பு: அமெரிக்கக் கதைகளுக்கும் இந்திய இதிகாசங்களுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. அங்கே உடையாத தன்மை பொருளில் இருக்கிறது. எனவே விவாதம் இயற்பியலை நோக்கிச் செல்கிறது. இங்கே அது பெரும்பாலும் வரத்தில், அதாவது வாக்கில் இருக்கிறது. எனவே விவாதம் சட்ட விளக்கமாக மாறுகிறது. இரணியன் பெற்ற வரம், நன்கு வரையப்பட்ட மசோதாவைப் போல எல்லா வாயில்களையும் அடைத்திருந்தது. உள்ளேயும் அல்ல, வெளியேயும் அல்ல. பகலும் அல்ல, இரவும் அல்ல. மனிதனும் அல்ல, விலங்கும் அல்ல. ஆனாலும் வாசற்படி, அந்தி, நரசிம்மம், நகம் என ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஓட்டை இருந்தது. வோல்வரினின் நகங்களைப் பற்றிப் பேசுவோர், அதற்கு முன்பே நகத்தால் தீர்க்கப்பட்ட இந்த வழக்கையும் படிக்க வேண்டும் என்று இங்குள்ளோர் பெருமிதத்துடன் கூறுகின்றனர்.

அரசின் சின்னங்களில்: கற்பனை ஆயுதங்களுக்குக் குடியரசின் சின்னங்களிலும் இடம் உண்டு. நாட்டின் மிக உயரிய வீர விருதான பரம் வீர் சக்ரா பதக்கத்தை வடிவமைத்த சாவித்திரி கனோல்கர், அதில் இந்திரனின் வஜ்ராயுத உருவங்கள் நான்கைப் பொறித்தார். உலகைக் காக்கத் தன் எலும்புகளையே ஈந்த ததீசி முனிவரின் தியாகத்தைக் குறிப்பது அது. 1983-ல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் அக்னி, திரிசூல், நாக் போன்ற பெயர்கள் சூட்டப்பட்டன. 2025 ஆகஸ்ட் 15-ம் தேதி செங்கோட்டையில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த பாதுகாப்புத் திட்டத்தின் பெயர் 'சுதர்சன சக்கரம்'.

பெயர் சூட்டுவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. கதையையே சான்றாகக் காட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திர பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர் ஜி. நாகேஸ்வர ராவ், இலக்கைத் தாக்கிவிட்டுத் திரும்பும் விஷ்ணு சக்கரத்தை வழிகாட்டு ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்குச் சான்றாகக் குறிப்பிட்டார். விஞ்ஞானிகள் பலர் இதற்குக் கண்டனம் தெரிவித்தனர். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று, 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு கூறுகிறது.

இந்த வகையில் அட்டைக் கேடயம் ஏந்திய இளைஞர்கள் மேலானவர்கள் எனலாம். தாங்கள் பேசுவது கதை என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த அத்தியாயம், எந்தக் காட்சி என்று சான்று கேட்கவும் அவர்கள் தயங்குவதில்லை.

துளைக்காத உடை: கதையில் கவசம் உடையுமா என்பதைக் கதாசிரியர் தீர்மானிக்கிறார். களத்தில் அதைத் தீர்மானிப்பது சோதனை. 'குண்டு துளைக்காத உடை' என்ற பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருக்கிறது. ஆனால் எந்தக் குண்டும் துளைக்காத உடை என்று எதுவும் இல்லை.

மும்பையில் 2008 நவம்பர் 26-ம் தேதி பயங்கரவாதிகள் தாக்குதல் நடத்தியபோது, காவல் துறையினருக்கு வழங்கப்பட்ட குண்டு துளைக்காத உடைகளின் தரம் குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. ராணுவத்துக்கு 1,86,138 உடைகள் வாங்க 2009 அக்டோபரில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அவை வந்து சேரவில்லை என்பதைப் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கவலையுடன் சுட்டிக்காட்டியது. இடைக்கால ஏற்பாடாக 2016-ல் 50,000 உடைகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. முழு எண்ணிக்கைக்கான ரூ. 639 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில்தான். ஒப்புதலுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே எட்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

இத்தகைய உடைகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் வெளியானதும் 2018-ல்தான். எந்தக் குண்டு, எந்த வேகம், எந்தத் தூரம் என்று வகுத்து, அச்சுறுத்தலை ஆறு நிலைகளாக அது பிரிக்கிறது. ரசிகர்கள் கேட்கும் அந்த மூன்றாவது கேள்விக்கும் அதில் இடம் உண்டு. குண்டு உடையைத் துளைக்காவிட்டாலும், அதன் அதிர்ச்சி உள்ளே இருப்பவரின் நெஞ்செலும்பை முறித்துவிடலாம். எனவே உடையின் பின்னால் களிமண் வைத்துச் சுட்டு, அதில் விழும் பள்ளத்தின் ஆழமும் அளக்கப்படுகிறது. கவசம் பிழைத்தது போதாது. மனிதன் பிழைத்தானா என்பதே சோதனை.

கான்பூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவன ஆய்வகம் ஆறாம் நிலைக் குண்டைத் தாங்கும் உடையை உருவாக்கியுள்ளதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், தில்லி ஐ.ஐ.டி.யுடன் இணைந்து உருவாக்கிய மற்றொரு உடை அறிமுகமானது. எடை 8.2 கிலோ, 9.5 கிலோ என இரு வகை. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'அபேத்'. பிளக்க முடியாதது என்று பொருள்.

ஆனால் அதன் உள்ளே நடப்பது பெயருக்கு நேர்மாறானது. போரான் கார்பைடு என்ற மிகக் கடினமான பீங்கான் வகைத் தகடு, பாயும் குண்டின் முனையை நொறுக்குகிறது. அந்த மோதலில் தகடும் விரிசல் கண்டு நொறுங்குகிறது. சிதறும் துண்டுகளை அதன் பின்னால் உள்ள பாலிமர் அடுக்கு பிடித்துக்கொள்கிறது. அதாவது, இந்தக் கவசம் காப்பது உடையாமல் இருப்பதால் அல்ல. தான் உடைந்து கொடுப்பதால்.

கற்பனை உலோகங்களைப் பற்றிய வழக்கு அடுத்த திருவிழாவிலும் தொடரும். அதில் யார் தோற்றாலும் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் எல்லையில் நிற்கும் வீரருக்கு எந்த நிலை உடை, எத்தனை உடை, எப்போது கிடைக்கும் என்ற வழக்கு நாடாளுமன்றத்துக்கு உரியது. அங்கும் உறுப்பினர்கள் அதே பிடிவாதத்துடன் சான்று கேட்க வேண்டும்.