சென்னை – சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

சென்னையில் இரவு 11 மணிக்கு விமானம் ஏறும் ஒருவர் மறுநாள் காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறார் என்று கொள்வோம். கடிகாரப்படி 7 மணி நேரப் பயணம். அவரே திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்குப் புறப்பட்டு, இங்கே இரவு 10 மணிக்கே இறங்கிவிடுகிறார். கடிகாரப்படி 2 மணி நேரம்! அப்படியானால் வரும்போது மட்டும் விமானம் விரைந்து பறக்கிறதா? இல்லை. இரு ஊர்க் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை, அதுவே காரணம்.

நேரக் கணக்கு

புவி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. ஆகவே கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்தியது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகையில் உள்ளது. சூரியக் கணக்குப்படி 7 மணிக்குச் சற்றுக் குறைவாகவே முந்தியிருக்க வேண்டும். ஆனால் 1982 முதல் அந்நாடு 8 மணி முந்திய நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. ஆகவே நமக்கும் அவர்களுக்கும் 2½ மணி வேறுபாடு.

பறக்கும் நேரம் இரு வழியிலும் சமம் எனக் கொண்டு அதை 'அ' என்றும், நேர வேறுபாட்டை 'ஆ' என்றும் வைப்போம்.

அ + ஆ = 7
அ – ஆ = 2

தீர்த்தால் அ = 4½, ஆ = 2½. உண்மைப் பயணம் நாலரை மணியே! காற்றின் போக்கால் இது சிறிது கூடலாம், குறையலாம்.

தூரக் கணக்கு

உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லாகும். இவ்விரு ஊர்களும் புவி மையத்தில் தாங்கும் கோணம் சுமார் 26.3 பாகை. பாகைக்கு 111 கி.மீ. வீதம் தூரம் ஏறத்தாழ 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் இதற்கு மூன்றரை மணி போதும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல், இறங்க முறைக்குக் காத்திருத்தல் ஆகியவை எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. 1985-இல் தீ விபத்துக்கு உள்ளாகும்வரை எம்.வி. சிதம்பரம் கப்பலில் சென்றவர்களுக்கு இதே பயணம் பல நாள் ஆனது.

வீடு வந்து சேரும் நேரம்

நம் மண்ணூர்பேட்டை போன்ற ஊர்களில் இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தால், "சிங்கப்பூரிலிருந்து பிள்ளை எப்போது வருவான்? எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" என்பதுதானே முதற் கேள்வி? "நாலரை மணிப் பயணந்தானே" என்று கூறிவிட முடியாது. இரவு 8 மணி விமானத்துக்கு அவர் மாலை 4 மணிக்கே இருப்பிடத்தை விட்டுப் புறப்பட வேண்டும். அப்போது நமக்குப் பகல் 1.30. இரவு 10 மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சாலை வழியே வீடு வர நள்ளிரவு ஆகிவிடும். மொத்தம் பத்தரை மணி. பயணச்சீட்டு அன்றைக்கே கிடைத்தால்!

ஆகவே இத்தகைய வேளையில் முதலில் எல்லா நேரத்தையும் இந்திய நேரமாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூட்டுங்கள். கூடத்தில் காத்திருக்கும் பெரியவர்களுக்குச் சரியான நேரத்தைச் சொல்ல, படித்த பிள்ளைகளாகிய நம்மால் முடிய வேண்டும் அல்லவா?