வீராங்கனையின் அந்தரங்கம் யாருக்குச் சொந்தம்?

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கட்டார் நாட்டின் டோகா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தில் தமிழ்நாடு புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சிக் கிராமத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3 விநாடிகளில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். செங்கல் சூளையில் கூலிவேலை செய்த தாய் தந்தையரின் பிள்ளை அவர். எம்மைப் போலவே வறுமையை அறிந்த வீடு.

ஓட்டம் முடிந்தபின் அவருக்குப் பாலினப் பரிசோதனை செய்யப்பட்டது. அதில் அவர் தேறவில்லை என்ற செய்தி சில நாட்களுக்குள் பெயரோடும் படத்தோடும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் வந்துவிட்டது. பதக்கமும் பறிபோனது. வைத்தியருக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய விடயம் தேநீர்க் கடைப் பேச்சாகியது. அந்தப் பரிசோதனை அறிக்கையில் என்ன இருந்தது என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே எழுதப்போவதில்லை. அது வாசகிகளாகிய உங்களுக்கும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை.

சாந்தி பொய் சொல்லி ஓடியவர் அல்லர். ஊக்க மருந்து எடுத்தவரும் அல்லர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். அப்போதைய தமிழக முதலமைச்சர் கருணாநிதி அறிவித்திருந்த 15 இலட்சம் இந்திய ரூபாவை, பதக்கம் போன பின்னரும் அவருக்கு வழங்கினார். அதைச் செய்தாரே என்று இன்றும் மனம் ஆறுகிறது. ஆனால் ஊர்ப்பேச்சை எந்தப் பணமும் நிறுத்தாது. உயிரை விட்டுவிட முயன்றதைச் சாந்தியே பின்னர் வெளியில் சொல்லியிருக்கிறார். பிறகு கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கினார். இடையில் மீண்டும் செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போக நேர்ந்தது. 2013இல் பயிற்றுநர் படிப்பை முடித்தார். 2016இல்தான் தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. பத்து வருடங்கள்!

இவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததென்றால் தவறுதலாக நடந்தது என்று விடலாம். 2009இல் பேர்லினில் உலகப் போட்டி நடந்தபோது, தென்னாபிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்குப் பரிசோதனை கோரப்பட்ட செய்தி இறுதி ஓட்டத்துக்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர் வெளியே வந்தது. அவருக்கு வயது 18. அந்தச் சுமையோடு ஓடித் தங்கம் வென்றார். 2014இல் இந்தியாவின் டுட்டீ சந்த் இதேபோல் விலக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 2015இல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அந்த விதியை இடைநிறுத்தியது. அடுத்த வருடம் ரியோ ஒலிம்பிக்கில் அவர் ஓடினார். எனினும் 2025 செப்டெம்பர் முதல், உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுவோர் மரபணுப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என உலக மெய்வல்லுநர் அமைப்பு விதித்துள்ளது. விதி சரியா பிழையா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. ஆனால் முடிவு யார் கைக்கு முதலில் போகும், அதை யார் பூட்டி வைப்பார் என்ற கேள்விக்கு ஒரேயொரு பதில்தான் இருக்க முடியும்.

வன்னியில் இருந்துகொண்டு டோகாவையும் பேர்லினையும் பற்றி ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் மைதானங்களுக்குப் போய்ப் பாருங்கள். வலய மட்டப் போட்டியில் ஓடும் பிள்ளையைச் சுற்றி எத்தனை கைத்தொலைபேசிகள்! முன்னர் ஒரு செய்தியாளர் வருவார், ஆசிரியரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போவார். இப்போது தொலைபேசி வைத்திருப்பவரெல்லாம் செய்தியாளர். காற்சட்டையோடு ஓடும் பிள்ளையின் படம் பின்னேரத்துக்குள் எங்கெங்கோ போய், அதன் கீழே எழுதப்படும் வார்த்தைகளை வாசித்த தகப்பன் மறுநாள் அவளைப் பயிற்சிக்கு விடுவதில்லை. அப்படி நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வென்ற பிள்ளையின் வீட்டுக்குப் போவது இன்னொரு வகை. தகரக் கொட்டிலைக் காட்டி, அடுப்படியைக் காட்டி, கடைசியில் "அப்பா எங்கே?" என்று கேட்பார்கள். 2009இன் பின்னர் இந்த மண்ணில் அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையிடம் கமெராவுக்கு முன்னால் கேட்கலாமா? எனக்குத் தெரிந்த ஒரு தாய் சொன்னார்: "உதவி வேணும்தான் அக்கா, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளையை அழவைச்சுத்தான் அதைத் தரவேணுமோ?" உதவி வந்தது. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயரும் வந்தது.

வெற்றியை மறைக்கச் சொல்லவில்லை. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயது கடந்து, 2023இல் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றபோது முழு வன்னியும் பூரித்தது. வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் எல்லோர் வாயிலும் அடிபட்டது. அந்த உயரம் ஆட்டத்தின் ஒரு பகுதி, எழுதலாம். ஆட்டத்துக்குள் நடப்பது எல்லோருக்குமானது. ஒரு பிள்ளையின் வைத்தியச் சான்றிதழ், மாதவிடாய், வீட்டின் கடன், காணாமற்போன தகப்பன் ஆகியவை அப்படியல்ல. "இன்று இவளுக்குச் சுகமில்லை" என்பதற்கு மேல் ஒலிபெருக்கியில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் சிறுவர்களின் தகவலையும் விசேட பாதுகாப்புக்குரியவை என்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடப்பட்டது. அதுவரை தாய்மார் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் படத்தை எடுப்பவரிடம் எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்கலாம். வீட்டுக்கு வருபவரிடம் வாசலில் வைத்தே பேசி அனுப்பலாம். வைத்திய அறிக்கையை உறையில் ஒட்டிக் கொடுத்து, யார் பிரிப்பார்கள் என்று ஆசிரியரிடம் விசாரிக்கலாம்.

இன்னொன்று. நான் போன மைதானங்கள் சிலவற்றில் பெண்பிள்ளைகள் உடைமாற்ற மூடிய அறை இல்லை. இரண்டு பேர் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்றாவது பிள்ளை அதற்குள் உடைமாற்றுகிறாள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த அறையைக் கேளுங்கள்.