காற்று வரத் தாமதமானால் கலம் கெடும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. இப்படிப்பட்ட இரவுகளில் ஆஸ்பத்திரிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் டீசல் ஜெனரேட்டரே கதி. மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஜெனரேட்டர் அன்றைக்குப் பார்த்து சண்டித்தனம் செய்வதும் உண்டு.

ஹைட்ரஜனை எரிக்காமலே மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலம் இதற்கு மாற்று. சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், 1 முதல் 20 கிலோவாட் வரையிலான மின்கல அமைப்புகளை உருவாக்கியிருக்கிறது. பேரிடர் கால அவசர மையங்களுக்கு இவை உதவும் என்று 2020-லேயே சொன்னது. பிறகு ஏன் பரவவில்லை? கலத்துக்குள் இருக்கும் பிளாட்டினத்தின் விலை என்பார்கள். அது பாதி விடைதான். மீதி, கட்டுப்பாட்டு அமைப்பில் இருக்கிறது.

தனி ஒரு கலம் சுமையின்போது 0.6, 0.7 வோல்ட்தான் தரும். ஆகவே பல கலங்களை வரிசையாக அடுக்குகிறார்கள். ஒன்று சோர்ந்தாலும் மொத்த அடுக்கையும் நிறுத்த வேண்டிவரும். திடீரென ஒரு மோட்டார் ஓடினால் மின்னோட்டம் கண்ணிமைப்பதற்குள் எகிறும். காற்றை ஊதும் புளோயர் வேகம் பிடிப்பதற்குள் கலம் ஆக்சிஜனுக்குத் தவிக்கும், மின்முனை கெடும். எப்போதும் கூடுதலாக ஊதிக்கொண்டிருந்தால் புளோயரே மின்சாரத்தைத் தின்றுவிடும், கலத்துக்குள் ஈரமாக இருக்க வேண்டிய சவ்வும் காயும். அதனால் முதல் அதிர்ச்சியை பேட்டரி தாங்க, கலத்தின் மீது சுமையை மெல்ல ஏற்றுகிறார்கள்.

சவ்வின் ஈரம் இன்னும் பெரிய தலைவலி. வெற்றிலைக் கட்டு மாதிரிதான்: காய்ந்தாலும் போச்சு, நீர் மிஞ்சினாலும் போச்சு. உள்ளே இருக்கும் ஈரத்தை நேராக அளக்க மலிவான சென்சார் கிடையாது. மின்னழுத்தம், வெப்பநிலை, காற்றோட்டம் ஆகியவற்றை வைத்து மென்பொருள் கணிக்கிறது. கலத்துக்கு வயதாக ஆக அந்தக் கணிப்பும் பிசகும். செலவைக் குறைக்க சென்சார்களைக் கழற்றினால், நம்பகத்தன்மை முழுவதும் அந்தக் கணிப்பின் தலையில் விழுகிறது.

செஞ்சியின் கத்திரி வெயில் வேறு. டீசல் என்ஜின் தன் வெப்பத்தில் கணிசமானதைப் புகையோடு வெளியேற்றிவிடும். 60–80 டிகிரியில் இயங்கும் கலமோ பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர் வழியாகவே வெளியேற்ற வேண்டும், அதுவும் 40 டிகிரிக் காற்றில். பெரிய ரேடியேட்டர் வேண்டும், விலையும் கூடும்.

ஜப்பானில் 2009 முதல் வீடுகளுக்கு விற்கப்படும் எனே-ஃபார்ம் கலங்கள் குழாய் எரிவாயுவில் நெடுநேரம் சீராக ஓடுபவை. நமக்கு வேண்டியதோ மாதக்கணக்கில் உறங்கி, கூப்பிட்டதும் எழுகிற கலம். அவ்வப்போது தானாக ஓடிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாவிட்டால் இதுவும் ஜெனரேட்டர் போலவே சதி செய்யும்.

எரிபொருள் கணக்குக்கு வருவோம்: 150 பார் அழுத்தமுள்ள 47 லிட்டர் ஹைட்ரஜன் சிலிண்டர் ஒன்று சுமார் 10 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் இழுக்கும் ஒரு செல்போன் கோபுரத்துக்கு ஐந்து மணி நேரம். வீடுகளை இப்போதைக்கு மறந்துவிட்டு, கோபுரத்திலும் ஆஸ்பத்திரியிலும் தொடங்குவதே சரி.